மைக் செட் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒயர் பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

குன்னம் பக்கம் மைக் செட் தொழில் செய்கிறவர்களில் நான்கைந்து பேர் என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், வெள்ளி முலாம் பூசின ஒயர் போட்டா சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்குமாம். மக்காச்சோளம் வித்த காசு கையில இருக்கு. வாங்கட்டுமா?" வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷ வெள்ளாமைக் காசு என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

மின்தடை எண் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? முழு வெள்ளியே செம்பைவிட ஆறேழு சதவீதம்தான் உசத்தி. முலாமில் என்ன கிடைத்துவிடும்? அந்தக் காசில் பாதிக்குச் செம்பு ஒயரையே தடிமனாக வாங்கலாம். காதாலேயே வித்தியாசம் தெரிகிறது என்பவரைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து ஒயரை மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள், வேடிக்கையாக இருக்கும்.

தடிமனும் தூரமும்தான் சங்கதி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போகவர 200 மீட்டருக்குத் தடை சுமார் 2.3 ஓம். முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், கிடைக்க வேண்டிய திறனில் 60 சதவீதம்தான் அதற்குப் போய்ச்சேரும். அதே தடிமனில் அலுமினியம் என்றால் பாதிகூடத் தேறாது.

அப்படியானால் அந்தக் காலத்தில் வேப்பூர் பக்கம் பார்த்து மரத்தில் கட்டிய குழாய், மெல்லிசு ஒயரிலேயே எப்படி முழங்கியது? அது 100 வோல்ட் லைன். குழாயோடு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 30 வாட் குழாய் லைனுக்கு 333 ஓம்போல நிற்கும். அதன்முன் 2.3 ஓம் எம்மாத்திரம்? கரண்ட் ஆபீஸ்காரர்கள் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே கணக்குதான்.

இப்போது உஷாராக இருக்க வேண்டியது, மேலே செம்பும் உள்ளே அலுமினியமுமாக வரும் ஒயரிடம். நிறம் ஏமாற்றும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். சுருளைத் தூக்கினாலும் கை சொல்லிவிடும். அலுமினியத்தைவிடச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனம்.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் மைக் ஒயரில் செய்யுங்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பக்கத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் புகுந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். வலை உறை நெருக்கமாகப் பின்னிய, மூன்று பின் வைத்த ஒயர் வாங்குங்கள். உள்ளே இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சலை ஆம்ப்ளிஃபையர் கழித்துவிடும். சீரியல் லைட் ஒயரோடு சேர்த்து மட்டும் கட்டாதீர்கள்.

கூத்து நடுவில் கரகரவென்று வருவதற்கு, நான் பார்த்தவரை, ஒயரைவிட ஜாயிண்டுதான் காரணம். பல்லால் கடித்து முறுக்கி டேப் சுற்றினால் நாலு பனியில் களிம்பேறிவிடும். ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பற்றவைக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், அரை மணி நேர வேலை. ஒயரை நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.