ஆஸ்லோவுக்கா, ட்ரோம்சோவுக்கா?



மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் கணினி நிறுவனங்களில் சேர்ந்த நம் பிள்ளைகளில் சிலர், இன்று ஐரோப்பாவின் வடகோடி நாடுகள்வரை சென்று குடியிருக்கிறார்கள். செகந்திராபாத்தில் இரயில்வேயிலும் இராணுவ அலுவலகங்களிலும் உழைத்து ஓய்வு பெற்ற பெற்றோர், மகனின் அழைப்பை ஏற்று வாழ்நாளில் ஒரு முறையாவது அந்த நாட்டைப் பார்த்துவர ஆயத்தப்படுகிறார்கள். நார்வேக்குப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தலைநகராகிய ஆஸ்லோவோடு நின்றுவிடலாமா, அல்லது வடதுருவ ஒளியைக் காண ட்ரோம்சோவரை போக வேண்டுமா? எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் எந்த மாதம் என்று கேளுங்கள் என்பதே என் பதில். நம்மவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் தூரத்தை அறிந்துகொள்ளுங்கள். ஆஸ்லோவும் ட்ரோம்சோவும் ஒரே நாட்டில் இருந்தாலும், இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஹைதராபாத்துக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம் இருக்கிறது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சாலைவழி 1,600 கிலோமீட்டருக்கு மேல். இரயில்வேயில் பணியாற்றிய பெரியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், ட்ரோம்சோவுக்கு இரயிலே கிடையாது. நார்வேயின் வடக்கு இரயில்பாதை பூடோ என்ற ஊரோடு முடிந்துவிடுகிறது.

இனி மாதத்துக்கு வருவோம். நம் தெலங்கானாவில் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி ஜூன் நடுவில் திறக்கின்றன. பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம் என்று எல்லோரும் மே மாதத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். ஆனால் ட்ரோம்சோவில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. அதற்கு முந்திய வாரங்களிலும் வானம் இருளாது. துருவ ஒளி அப்போதும் மேலே வீசிக்கொண்டுதான் இருக்கும். பகலில் விண்மீன்கள் தெரியாததுபோல அதுவும் தெரியாது. பச்சை ஒளியைத் தேடி மே மாதத்தில் அங்கே போகிறவர், நள்ளிரவுச் சூரியனைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதுவும் அதிசயமே. எனினும் அவர் பணம் செலவிட்டது அதற்காக அல்லவே!

சங்கராந்தி விடுமுறையில் போனால் எதிர்த்திசையில் ஒரு சங்கடம். நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை ட்ரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. நண்பகலில் சில மணி நேரம் நீலநிறமான அரைவெளிச்சம் இருக்கும், அவ்வளவே. ஒளியைக் காண ஏற்ற காலந்தான். ஆனால் நமக்குக் கிடைக்கும் ஐந்தாறு நாட்களில் இரண்டு நாட்கள் போகவும் வரவுமே கழிந்துபோகும்.

ஆகவே ட்ரோம்சோவை விரும்புகிற ஹைதராபாத் குடும்பத்துக்குத் தசரா விடுமுறையைவிடப் பொருத்தமான காலம் எனக்குத் தெரியவில்லை. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருகிற அந்த நாட்களில் அங்கே பகலும் உண்டு, இருளும் உண்டு. பனி இன்னும் தரையில் உறையாதிருக்கும். இரவும் பகலும் சமமாயிருக்கும் காலத்தை ஒட்டித் துருவ ஒளி மற்ற மாதங்களைவிடச் சற்று அதிகமாய்த் தோன்றுகிறது என்று ஆராய்ச்சியாளர்களும் சொல்லுகிறார்கள்.

ஒளி தோன்றுவது சூரியனால். சூரியனிலிருந்து புறப்பட்டு வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களின் பக்கமாகத் திருப்புகிறது. அவை நூறு கிலோமீட்டருக்கும் மேலே காற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்களோடு மோதும்போது பச்சையும் சிவப்பும் உண்டாகின்றன. ட்ரோம்சோ இந்த ஒளிவளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆஸ்லோ அதற்கு வெகு தெற்கே. பெரும் சூரியப்புயல் வீசினால் மட்டுமே ஆஸ்லோவில் எதிர்பார்க்கலாம். 2024 மே மாதப் புயலின்போது நம் லடாக்கிலுள்ள ஹான்லேயிலேயே சிவந்த ஒளி கேமராவில் பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளை நம்பி யாரும் பயணச்சீட்டு எடுக்க முடியாது.

மேகம் வந்தால் ட்ரோம்சோவிலும் ஒன்றும் தெரியாது. அது கடலோர ஊர். இலையுதிர் காலத்தில் மழை மிகுதி. நான் அங்கே அக்டோபரில் நான்கு இரவுகள் தங்கினேன். மூன்று இரவுகள் மேகமும் மழையும். நான்காம் இரவில் சிறு பேருந்து ஒன்று எங்களை மலைகளுக்கு அப்பால், பின்லாந்து எல்லைப் பக்கமாக, வானம் தெளிந்திருக்கும் இடம் தேடி அழைத்துச் சென்றது. முதலில் சாம்பல் நிற மேகம்போல ஒரு கோடுதான் தெரிந்தது. பிறகு அது பச்சையாகி, திரைச்சீலை காற்றில் அசைவதுபோல வானம் முழுவதும் அசைந்தது. பேருந்தில் வந்தவர்கள் நெடுநேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று இரவுகளோடு திரும்பியிருந்தால் எனக்கு அது கிடைத்திராது. ஆகையால் ட்ரோம்சோவுக்கு நான்கு இரவுகளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். அவ்வளவு நாட்கள் இல்லையென்றால் போகவே வேண்டாம் என்றுகூடச் சொல்லுவேன்.

அந்த ஊரில் பகலில் பார்ப்பதற்கும் உண்டு. பாலத்துக்கு அப்பால் 1965இல் கட்டப்பட்ட, பனிப்பாறைகளை அடுக்கியதுபோன்ற வெள்ளை ஆலயம் நிற்கிறது. ஆர்க்டிக் பேராலயம் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் அது பங்கு ஆலயமே. அதன் கிழக்குச் சுவரை மறைக்கும் வண்ணக் கண்ணாடி கிறிஸ்துவின் வருகையைச் சித்திரிக்கிறது. வட நார்வேயின் பழங்குடிகளாகிய சாமி மக்களிடையே 1716இல் தோமாஸ் வான் வெஸ்டன் தொடங்கிய ஊழியத்தையும், நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய ஊழியத்தையும் கோபன்ஹேகனிலிருந்த ஒரே மிஷன் குழுதான் மேற்பார்வையிட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நம் சபையில் ஒரு குடும்பம். தகப்பனாருக்கு அந்த ஒளியைக் காண ஆசை; தாயாருக்கு முழங்கால் வலி, ஆஸ்லோவிலிருக்கும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் போதும். மகனுடைய விடுப்போ பத்து நாட்கள். இருவரையும் நான் மறுக்கவில்லை. நள்ளிரவில் குளிரில் மூன்று நான்கு மணி நேரம் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்றேன். குளிர்காலமானால் பனிக்கட்டி படிந்த தெருவில் வழுக்கி விழுகிற அபாயத்தையும் சொன்னேன். அந்தத் தாயார் கேட்ட ஒரே கேள்வி, பேருந்து நிற்கும் காட்டில் கழிப்பறை உண்டா என்பது. எந்தப் பயண வழிகாட்டிப் புத்தகமும் அதைச் சொல்லுவதில்லை. சில பயணங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கடைசியில் தகப்பனாரும் மகனும் தசராவில் வடக்கே போவது, தாயார் மருமகளோடும் பேரனோடும் ஆஸ்லோவில் இருப்பது என்று முடிவு செய்தார்கள். இப்படியும் தீர்மானிக்கலாம் என்பது எனக்குத் தோன்றாத யோசனை.

மே மாதம்தான் இயலும் என்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். ஆஸ்லோவுக்கு அதுவே நல்ல காலம். 1814இல் அரசியலமைப்புச் சட்டம் கையெழுத்தான மே 17ஆம் தேதியை அவர்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று படைகள் அல்ல, பள்ளிப்பிள்ளைகளே கொடி பிடித்து அரண்மனைக்கு முன் அணிவகுத்துச் செல்லுகிறார்கள். வீகெலாண்ட் பூங்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1979இல் அன்னை தெரேசா நோபல் அமைதிப் பரிசு பெற்ற பல்கலைக்கழக மண்டபமும், 2014இல் கைலாஷ் சத்யார்த்தி அதைப் பெற்ற நகர மன்றமும் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. அரிசியும் கறிவேப்பிலையும் வேண்டுமானால் குரோன்லாண்ட் பகுதிக்குச் செல்லுங்கள்.

நமக்கு முன்னே இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் தெரிந்தெடுக்க வேண்டியிருந்த தமிழர்கள் உண்டு. 1980களிலும் 90களிலும் போரினால் இலங்கையை விட்டு வந்த பலர், வட நார்வேயின் கடலோர ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். நாம் பணம் கொடுத்துப் பார்க்கப்போகும் அந்த இரண்டு மாத இருளில், அவர்கள் மீனை வெட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். பிற்பாடு அவர்களில் அநேகர், உறவினரையும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பையும் நாடி ஆஸ்லோவுக்கு இடம் பெயர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயராகவும், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆஸ்லோவில் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சந்திக்க நேர்ந்தால், வடக்கே இருந்ததுண்டா என்று கேளுங்கள். துருவ ஒளியைப்பற்றி அவர்கள் சொல்லுவது வேறுவிதமாக இருக்கும்.

விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தசராவுக்குப் போகிறவர்கள் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஹைதராபாத்திலிருந்து ஆஸ்லோவுக்கு நேரடி விமானம் இல்லாததால் டோஹா, துபாய் அல்லது பிராங்பர்ட்டில் மாற வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவை என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.