கேட்டுட்டுக் கொடுங்க

மாலா-என் மாத்திரைக்குக் காசு கிடையாது. ஊர்த்தெருவில் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்கிற நர்சம்மா, எங்க காலனியில் நின்னபடியே அட்டையை நீட்டிட்டுப் போயிடுவாங்க. தொட்டுப் பேசத் தயங்குகிறவங்க உடம்பைப் பற்றி என்ன கேட்பாங்க?

முதல் பிரசவத்துக்குப் பிறகு என் இடது கால் வீங்கிப்போச்சு. ரத்தக்குழாயில் ரத்தம் உறைஞ்சிருந்தது. சீக்கிரம் உறைகிற ரத்தம், பிறவியிலேயே அப்படி என்றார் டாக்டர். அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது உறைவைக் கூட்டும். உறைந்த கட்டி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. என்னைப் போன்றவர்களுக்கு அது கூடவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நானே சொன்னேன். “அப்ப ஆப்பரேஷன் பண்ணிக்கோ” என்றார்கள். இன்னொரு பிள்ளை வேணுமா வேணாமா என்பது என் முடிவல்லவா?

காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, அதனால் உறைவு கூடாது. ஆனால் தீட்டு நாளில் ரத்தம் அதிகம் போகலாம். நாள் பூரா களையெடுக்கிற உடம்பு அதையும் யோசிக்கணும். யோசித்துத்தான் போட்டுக்கிட்டேன்.

“கால் வீங்கினதுண்டா? வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைஞ்சதுண்டா?” இரண்டே கேள்வி. அதைக் கேட்க எங்க தெருவிலும் உட்காரத்தான் வேணும்.