வீமனுக்குப் படம் பிடிக்க ஓர் இடம்

பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர் பேட்டிக்குரியவரின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அவருடைய முகத்தையல்ல; அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையே. புளொக் செய்து அச்சடித்த காலத்தில் இது அழகு சம்பந்தப்பட்ட விடயமாக இருக்கவில்லை. பத்திரிகைத் தாளுக்கான புளொக்கில் அங்குலத்துக்கு 65 வரிப் புள்ளிகள் அளவில்தான் படம் பதியும். பின்னணியில் ஒரு மாங்கிளை இருந்துவிட்டால் எது இலை, எது தலைமயிர் என்று மறுநாட்காலை வாசகர் திண்டாட வேண்டியதுதான். ஆகவே, வெறுஞ் சுவரைத் தேடி, அதன் முன்னால் ஆளை நிறுத்துவதே வழக்கமாயிருந்தது. எழுத்தாளரைப் புத்தக அலுமாரிக்கு முன்னாலும் அமைச்சரைக் கோப்புக் குவியலுக்குப் பின்னாலும் இருத்தும் ஆடம்பரங்கள், அச்சு முறை மாறிய பிறகே எங்களுக்குத் தாராளமாகக் கைகூடின.

இப்படிப் பல ஆண்டுகள் படப்பிடிப்பாளர்களுடன் சேர்ந்து இடம் பார்த்துத் திரிந்தவன் என்பதனாலேயே, 2023 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாய்க்கு இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

நாயின் பெயர் வீமன். உரும்பிராயில் என் அக்காவின் வீட்டில் வளர்ந்தவன். கறுப்பு நிறம், பன்னிரண்டு வயதில் முகவாய் மாத்திரம் சாம்பல் பூத்தது போல் நரைத்திருந்தது. வலக்கண்ணில் வெண்படலம். அக்காவை ரொறன்ரோவுக்கு அழைத்துக்கொள்ள மருமகள் செய்திருந்த ஏற்பாடுகள் அந்த ஆண்டு நிறைவேறின. வீமனை அழைத்துச் செல்ல வழியிருக்கவில்லை. இந்த வயதில், பலவீனமான இதயத்துடன், விமானத்தின் சரக்கறைக்குள் அத்தனை மணித்தியாலங்கள் தாங்கமாட்டான் என்று மிருக வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். "அப்படியென்றால் அவனை நல்லதொரு படமாவது எடுத்து அனுப்புங்கோ மாமா, பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்ட வேண்டும்" என்றாள் மருமகள். அக்காவின் கைத்தொலைபேசியிலும் வீமனின் படங்கள் இருந்தன. ஆனால், எல்லாம் மேலிருந்து கீழே பார்த்து எடுத்தவை. ஒரு முதுகு, இரு காதுகள், ஒரு வால், அவ்வளவுதான்.

கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் இளைஞர் ஒருவரை அழைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. தம்பிக்கு உடனே தோன்றிய இடம் யாழ்ப்பாணக் கோட்டை. கல்யாண சோடிகள் அங்கேதான் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகிறார்களாம். நான் ஒரு மாலை தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டிய கோட்டை. 1990 ஆம் ஆண்டு முற்றுகையில் சிதைந்து, பின்னர் ஒரு பகுதி திருத்தப்பட்டது. முருகைக்கல் மதிலும் பின்னால் கடல்நீரேரியும் மனிதருக்கு நல்ல பின்னணிதான். ஆனால், நாய் இரண்டடி உயரமுள்ள பிராணி. கொத்தளத்தின் மேல் அதனை நிறுத்தி, கோட்டையும் தெரிய வேண்டுமென்று பின்வாங்கிப் படம் எடுத்தால், கோட்டையைப் படம் எடுக்கும்போது தற்செயலாக ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது என்றே எவரும் நினைப்பார். போதாக்குறைக்கு, அங்கு சொந்த நாய்கள் இருக்கின்றன. அவற்றின் எல்லைக்குள் ஒரு கிழ நாயைக் கொண்டுபோய் விடுவது நியாயமல்ல.

அடுத்து மணற்காடு. வடமராட்சி கிழக்கின் வெண்மணற் குன்றுகளை நேரில் காணாதவர்களும் படங்களில் கண்டிருப்பார்கள். வெண்மணலுக்குப் படப்பிடிப்பில் ஒரு பயன் உண்டு. மேலிருந்து விழும் வெளிச்சத்தை அது கீழிருந்து திருப்பி அனுப்பும். கறுப்பு நாயின் கழுத்துக்கும் வயிற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். செம்மண் தரையில் எடுத்தால் அந்த இடமெல்லாம் செந்நிறம் ஏறிவிடும். தம்பி இதனைச் சரியாகவே சொன்னார். ஆயினும் யாழ்ப்பாணத்தில் ஆகஸ்ட் கடைசியில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரையில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை. உரும்பிராயிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேர்ந்து, நாய் இடத்தை மணந்து பார்த்து அமைதியடையும் நேரத்துக்குள் மணல் கொதித்துவிடும். நாய்க்குச் செருப்பில்லை. வியர்த்துக் குளிரவும் அதற்கு இயலாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நாக்குத் தொங்கும் படம் சிலருக்குச் சிரிப்பது போலத் தோன்றலாம். பெரும்பாலும் அது வெக்கை. இன்னொரு காரணமும் எனக்கிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் அந்தக் கரையோரத்தில் செய்தி சேகரிக்க நடந்தவன் நான். அந்த மணலை ஒரு பின்னணியாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. இதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. வெக்கையை மட்டும் சொன்னேன்.

ஸ்ரூடியோ வேண்டாமென்பதில் எல்லோரும் ஒற்றுமை. வெடிச் சத்தத்துக்கும் மின்னலுக்கும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிபவன் வீமன். பளிச்சென்று மின்னும் விளக்குகளின் நடுவே அவனை இருத்தினால் கிடைப்பது பயத்தின் படமாகவே இருக்கும்.

பிறகு தம்பிக்கு ஒரு யோசனை வந்தது; எனக்கும் அது பிடித்திருந்தது. ஒழுங்கை முடிவில், மரநிழலில், சூலம் மட்டும் நட்டிருக்கும் சிறிய வைரவர் கோயில். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இத்தகைய கோயில்கள் ஏராளம். வைரவருக்கு வாகனமே நாய்தானே. சூலத்தின் அருகே வீமனை இருத்தினால் படத்துக்கு ஒரு பொருளும் வந்துவிடும் என்றார். அக்கா ஒரே வசனத்தில் தீர்த்துவிட்டார்: "அது வைரவருக்கு வாகனம். எங்கட வீமன் ஒருத்தருக்கும் வாகனமில்லைத் தம்பி, வீட்டுப் பிள்ளை."

ஆக, வீட்டுக்குத் திரும்பினோம். வளவுக்குள் எங்கே?

தம்பியின் கண் படலையில் விழுந்தது. பழைய மரப்படலை, இருபுறமும் பூவரச வேலி, அப்பால் ஒழுங்கை வளைந்து செல்கிறது. படப்பிடிப்பாளர் எவரும் ஆசைப்படக்கூடிய இடம். காவல் நாய் படலையில் நிற்பது பொருத்தமும்கூட. "படலையிலை வேண்டாம்" என்றார் அக்கா. தம்பி காரணம் கேட்டார். "வேண்டாம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். வீமனுக்கு முன்னர் அந்த வீட்டில் ரைகர் என்றொரு நாய் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவு, அக்கா குடும்பமும் புறப்பட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே வீதியில் இலட்சக்கணக்கான சனம். அடிமேல் அடி வைத்து ஊர்ந்துதான் போக முடிந்தது. அந்த நெரிசலுக்குள் நாயைக் கொண்டுபோக இயலாது. இரண்டு நாளில் திரும்பி வரலாம் என்று எண்ணி, ஒரு சட்டி நிறையச் சோறு போட்டு வைத்துப் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள். ரைகர் படலையின் இடுக்கால் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. 1996 இல் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, நாய் இல்லை. அந்நாட்களில் எத்தனை ஆயிரம் வீடுகளில் இது நடந்தது என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. நாங்களும் பத்திரிகைகளில் மனிதரைப் பற்றியே எழுதினோம். அதற்கே இடம் போதவில்லை. ரைகருக்கு ஒரு படமும் கிடையாது. அல்பமும் அந்த இடப்பெயர்வோடு போய்விட்டது. அதற்குப் பின் அக்கா பதினைந்து ஆண்டுகள் நாய் வளர்க்கவில்லை. 2011 இல் மழைக்கு ஒதுங்கிய குட்டியாக வீமன் தானே வந்து சேர்ந்தான்.

ஆகவே, படலை இல்லை.

உலகப் பிரசித்தி பெற்ற நாய்ப் படங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். நமது தலைமுறை இசைத்தட்டுகளில் கண்ட நாய் நிப்பர். பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் தீட்டியது. முதலில் ஃபோனோகிராஃபுடன் தீட்டி, 1899 இல் அதன்மேல் கிராமபோனை மாற்றி வரைந்து கம்பனிக்கு விற்றார். நிப்பர் அதற்கு முன்பே, 1895 இல், இறந்துவிட்டது. அந்த ஓவியத்தில் இடம் என்று சொல்வதற்கு அநேகமாக எதுவுமேயில்லை. நாய் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே உண்டு. ஜப்பானின் ஹச்சிகோவோ இதற்கு நேரெதிர். ஷிபுயா ரயில் நிலையம் இல்லாமல் அந்த நாயை நினைக்கவே முடியாது. 1934 இல் அங்கே அதற்குச் சிலை வைத்தபோது நாயும் உயிரோடு இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தது. எலியட் எர்விட் 1974 இல் நியூயோர்க்கில் எடுத்த படத்திலோ, கமரா தரையோடு தரையாக இறங்கிவிட்டது. தொப்பியணிந்த சின்னஞ்சிறு நாய் முழுதாகத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பெரிய நாயும் மனிதரும் வெறுங் கால்களாகவே தெரிகிறார்கள். இடத்தைவிடக் கமராவின் உயரமே அங்கு காரியம் செய்கிறது.

இவற்றை யோசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நாய்க்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்றே நாங்கள் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தோம். முன்னால் என்ன இருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வீமனின் முன்னால் எப்போதும் இருப்பது அக்கா. அதுவும் காலையில், குசினியின் பின்வாசலில்.

மறுநாள் ஆறரைக்கே போய்ப் பார்த்தேன். பின்வாசல் மேற்கு நோக்கியது. காலை வெயில் வீட்டின் மறுபக்கத்தில் நிற்கும். வாசற்படி முழுக்க நிழல். ஆனால் இருட்டல்ல; கிணற்றடிக்கு அப்பாலுள்ள வெள்ளையடித்த மதிலில் வெயில் பட்டு, அந்த ஒளி மெதுவாகப் படியின் மீது வந்து விழுந்துகொண்டிருந்தது. கறுப்பு நாய்க்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நேர் வெயிலில் கறுப்பு மயிர் ஓரிடம் வெள்ளையாக மினுங்கும், மற்றோரிடம் கரிக்குழியாகிவிடும். கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். நேரே நின்று எடுத்தால் வீமனுக்குப் பின்னால் குசினியின் இருள்தான் வரும்; கறுப்பின்மேல் கறுப்பு. தம்பி படியின் பக்கவாட்டில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து பார்க்கும்போது பின்னணியாக வந்தது வீட்டின் வெளிச்சுவர். என்றோ பூசிய நீலம் வெளிறிப்போன சுவர். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பேதம் தெரியாது. நீலமும் மஞ்சளும் தெரியும் என்பார்கள். வீமன் கண்ட சுவரும் ஓரளவுக்கு நாங்கள் கண்ட சுவர்தான். கமராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக்கொள்ளும் ஆதலால், தம்பி வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைத்தார். கறுப்பு கறுப்பாகவே வர வேண்டுமல்லவா.

வீமனை எவரும் இருத்தவில்லை. பழஞ்சோற்றுப் பாத்திரத்தின் சத்தம் உள்ளே கேட்டதும் கிணற்றடியிலிருந்து தானாகவே வந்து படியேறி இருந்தான். காது நிமிர்ந்தது. அக்கா வாசலுக்கு வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன, இண்டைக்கு உனக்குப் படமாம்" என்றார். தம்பி தொடர்ந்து அழுத்திக்கொண்டேயிருந்தார். முழு வேலையும் பத்து நிமிடங்களுக்கு மேல் எடுக்கவில்லை.

நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் மருமகள் தெரிந்தெடுத்தது, வீமன் அண்ணாந்து பார்க்கும் ஒரு படம். அதன் ஓரத்தில் அக்காவின் சேலைக் கரை ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவில்லாமல் விழுந்திருந்தது. அதை வெட்டிவிடலாம் என்றார் தம்பி. தொழில்முறையில் அவர் சொன்னது சரிதான். நான் ஆசிரியபீடத்தில் இருந்திருந்தால் நானும் வெட்டச் சொல்லியிருப்பேன். மருமகள் விடவில்லை.

அக்கா நவம்பரில் புறப்பட்டார். வீமனைப் பக்கத்து வீட்டுக்கு முதல் நாளே அனுப்பிவிடலாம் என்று சொன்னோம், அவர் கேட்கவில்லை. தாமே கொண்டுபோய் விட்டு, அந்த வீட்டுக் குசினி வாசலில் அரைமணி நேரம் அவனோடு இருந்துவிட்டு வந்து வாகனத்தில் ஏறினார். படம் பெரிதாக்கப்பட்டு, சட்டமிடப்பட்டு ரொறன்ரோவில் ஆயத்தமாக இருந்தது. மருமகள் நினைத்திருந்தது போல் வரவேற்பறையில் மாட்ட அக்கா சம்மதிக்கவில்லையாம். குசினியில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில், தமது கண்ணுக்கு நேராக மாட்டுவித்திருக்கிறார்.