பாண்டி பீச் பக்கம் எங்கே சாப்பிடலாம்? பிள்ளைச்சாவடிப் பெண் தரும் பட்டியல்!

வெளியூரில் வேலை பார்க்கும் பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் உண்டு. மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால், கூட வேலை பார்ப்பவர்கள், காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி என்று எல்லோரும் இவர்களிடம்தான் கேட்பார்கள்: “பாண்டி போறோம், பீச் பக்கமா எங்க நல்லா சாப்பிடலாம்?”

பிள்ளைச்சாவடியில் பிறந்து, ஊரிலேயே இருக்கும் இன்ஜினீயரிங் காலேஜில் படித்து, இப்போது சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் 26 வயதுப் பெண் இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்பவர். அதனால் ஸ்டார் ரேட்டிங் பார்த்துப் போட்ட பட்டியல் இல்லை இது.

பீச் ரோடு: வயிற்றுக்குப் பாதி, காற்றுக்குப் பாதி

முதல் இடம் எல்லோருக்கும் தெரிந்த கூபேர் அவென்யூ, அதாவது பீச் ரோடு. சாயங்காலத்தில் இருந்து காலை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், குழந்தைகளைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடலாம். காந்தி சிலை, 1836-ல் கட்டிய பழைய லைட் ஹவுஸ் எல்லாம் இங்கேதான். சுண்டலோ ஐஸ்க்ரீமோ வாங்கிக்கொண்டு நடப்பதுதான் இங்கே சரியான சாப்பாடு. அரசு சுற்றுலாக் கழகம் நடத்தும் ‘லே கஃபே’யில், அலைச் சத்தம் கேட்கிற மேஜையில் ஒரு காபி குடிக்கலாம். “அங்க காபிக்குக் காசு கொடுக்கல, கடலுக்குக் கொடுக்கறீங்க” என்பாள்.

டிபன் என்றால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். தொழிலாளர்கள் கூட்டுறவாக நடத்தும் கடை. யான் மார்ட்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் வரும் காபி ஹவுஸ் இதுதான். படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு தோசை கூடுதலாக இறங்கும்.

பழைய பிரெஞ்சு வீதிகளில் இருக்கும் ஹோட்டல்களில் பிரெஞ்சுச் சமையலும் தமிழ்ச் சமையலும் கலந்த ‘கிரியோல்’ உணவு கிடைக்கும். காரம் குறைவு, விலை அதிகம். ஒரு முறை ருசி பார்க்கலாம், கும்பலாகப் போய் வயிறு நிரப்ப அது இடமில்லை என்பது அவள் கணிப்பு.

கோட்டக்குப்பம்: பத்து நிமிடத்தில் வேறு மாநிலம்

முத்தியால்பேட்டை தாண்டி ஈ.சி.ஆரில் வடக்கே போனால் புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம் வந்துவிடும். இஸ்லாமியர்கள் அதிகம் வாழும் ஊர். பிரியாணிக்கு அவள் கை காட்டுவது இந்தப் பக்கம்தான். ரம்ஜான் மாதம் என்றால் நோன்புக் கஞ்சியும் சமோசாவுமாக, சாயங்காலம் தெருவே மணக்கும்.

அடுத்து தந்திராயன்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு ‘செரினிட்டி பீச்’. அதற்கப்புறம் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். ஆரோவில்லுக்குப் பக்கம் என்பதால் பீட்சா, பாஸ்தா, சாலட் கடைகளுக்குக் குறைவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டினால் மறுபடி புதுச்சேரி எல்லை. அதுதான் பிள்ளைச்சாவடி. டவுனிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

மீன் சாப்பிடத் தெரிய வேண்டும்!

பீச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததுமே சொல்வது, “வஞ்சிரம் ஃப்ரை இருக்கா?” அவள் வீட்டில் வஞ்சிரம் விற்பதற்கு, சாப்பிடுவதற்குச் சங்கராவும் கிழங்கானும் நெத்திலியும்தான். “முள்ளு இல்லாத மீனைத் தேடிப் போறவங்களுக்குக் காசுதான் தெரியும், ருசி தெரியாது” என்பது அவளுடைய அம்மாவின் தீர்ப்பு.

அம்மா சொல்லிக் கொடுத்த பாடத்தையும் பட்டியலோடு சேர்த்தே அனுப்புவாள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று, குழி விழாமல் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. மசாலா தடவித் தட்டில் அடுக்கியிருக்கும் மீனில் இது எதையும் பார்க்க முடியாது. அதனால் முழு மீனைக் காட்டச் சொல்லி, விலை கேட்டு, அப்புறம் வறுக்கச் சொல்ல வேண்டும். பில் வந்த பிறகு சண்டை போடுவதைவிட இது மேல்.

துருக்கி போய் வந்த ஃப்ரெண்ட் ஒருத்தி, அங்கேயும் கடலோரக் கடைகளில் இதேதான் பழக்கம் என்றாளாம். ஐஸில் அடுக்கிய மீனைப் பார்த்து, எடை போட்டு, விலை பேசிவிட்டுத்தான் உட்காருவார்கள். இஸ்தான்புல்லின் கலாட்டா பாலத்தருகே, ரொட்டியைப் பிளந்து சுட்ட மீனையும் வெங்காயத்தையும் வைத்துத் தரும் ‘பாலிக் எக்மெக்’ ரொம்பப் பிரபலம். பாலிக் என்றால் மீன், எக்மெக் என்றால் ரொட்டி. கருங்கடல் பக்கத்து மக்கள் உயிரை விடுவது ஹம்சி என்ற பொடி மீனுக்கு. நம் நெத்திலிக்குப் பங்காளி. சோள மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரிப்பார்கள். அங்கே அது ஊர் பெருமை. இங்கே நெத்திலியை மெனுவில் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. துருக்கியில் பெரிய படகுகளின் மீன்பிடிப்பு ஏப்ரல் 15 அன்று நின்று, செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கும். நம் கிழக்குக் கரையிலும் அதே ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான காலம் அது. பள்ளிக்கூட லீவு, பாண்டி ட்ரிப் எல்லாம் சரியாக இந்த நாள்களில்தான் வரும். அப்போது மேஜைக்கு வரும் பெரிய மீன் பெரும்பாலும் கேரளப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. சிறு படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் கொஞ்சம் மீனுக்குத்தான் அப்போது ‘இன்றைய மீன்’ என்று பெயர். மே மாதத்தில் கேட்பவர்களுக்கு அவள் சொல்வது கருவாட்டுக் குழம்பு.

“உங்க ஊர்ல கடை இல்லையா?”

பட்டியலைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. காலேஜ் வாசலில் டீ, ஃப்ரைட் ரைஸ் எல்லாம் கிடைக்கும். ஆனால் கடலைப் பார்த்தபடி நாலு நாற்காலி போட்டு மீன் வறுத்துக் கொடுக்க, முதலில் கரை வேண்டுமே!

இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980-களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் வந்தது. டவுன் பீச்சே கருங்கல் குவியலாக மாறிய கதை இதுதான்.

கல் கொட்டிய இடத்தில் நிலம் தப்பும். ஆனால் அதற்கு வடக்கே அடுத்த ஊரை அலை பிடித்துக்கொள்ளும். தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று அரிப்பு ஊர் ஊராக வடக்கே நகர்ந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது பிள்ளைச்சாவடியில் வீடுகள் இடிந்து கடலோடு போயின. கல் கொட்டச் சொல்லி மக்கள் ஈ.சி.ஆரில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள்.

2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் பீச் ரோடு எதிரே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை வைத்த பிறகு, அங்கே மணல் திரும்பி வந்தது. இன்று குடும்பங்கள் கால் நனைப்பது அந்த மணலில்தான். டவுனில் மணலைப் பார்த்த அம்மா மகளிடம் கேட்டது ஒன்றுதான்: “அங்க நடக்கறதுக்கு மண்ணு வந்துடுச்சு. இங்க படகு இழுக்கறதுக்கு எப்ப பாப்பா வரும்?”

மணல் வெறும் அழகுக்கு இல்லை. படகை இழுத்து நிறுத்த, வலையைப் பிரித்துப் பின்ன, நெத்திலியைக் காயவைக்க, கரையிலேயே ஏலம் விட என்று மீனவர் குடும்பத்தின் தொழிற்கூடமே அதுதான். அது போனால் படகை வேறு ஊர்க் கரையில் நிறுத்த வேண்டும், மீனும் அங்கேயே விலைபோகும். பெண்கள் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி, கூடையில் வைத்து விற்க வேண்டும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் இருபது ரூபாய் அந்த ஆட்டோ காசில்தான் குறைகிறது.

அதனால் அவள் பட்டியலின் கடைசி வரி கடையின் பெயர் இல்லை. கிச்சன் வைத்த வீட்டில் தங்குகிறவர்கள் காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகட்டும். கூடை வைத்திருக்கும் அக்காவிடம் “எந்தக் கரை மீன்க்கா?” என்று கேட்டு, கால் கிலோ நெத்திலியோ அரைக் கிலோ சங்கராவோ வாங்கட்டும். சுத்தம் செய்து தரச் சொன்னால் அங்கேயே ஆளிருக்கும். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, பாதியை மறுநாள் காலை இட்லிக்கு எடுத்துவைக்க வேண்டும். மீன் குழம்புக்கு மறுநாள்தான் ருசி.