ஆள் இறக்கிய கணக்கு

தமிழ் தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தது 2022 ஆகஸ்டில். புரோ கபடி லீகில் அதுவரை யாருக்கும் விழாத விலை. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன இடத்தில் பவனின் முழங்கால் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுக்க அவர் களத்துக்குத் திரும்பவில்லை. செந்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கபடிப் பேச்சு எடுத்தால் சித்தப்பாவின் முதல் வசவு இன்றைக்கும் அந்த ஏலத்துக்குத்தான். "ஒத்த ஆளுக்கு ரெண்டேகால் கோடி! மொத்தம் கையில இருந்ததே நாலு கோடி சொச்சம்" என்பார்.

ஓர் அணி ஆள் எடுக்கச் செலவழிக்கக்கூடிய வரம்பு அப்போது 4 கோடியே 40 லட்சம். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போனது உண்மை. ஆனாலும் அதைத் தப்பான ஏலம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏலத்தில் கை தூக்கிய நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். பெங்களூரு புல்ஸுக்காக 2018, 2019, 2021 என்று மூன்று பருவமும் தொடர்ந்து ரெய்டு புள்ளிகளில் முதலிடம் பிடித்தவர் பவன். 2019 அக்டோபரில் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி. வயது இருபத்தாறு. இப்படிப்பட்ட ஆளை எடுக்காமல் விட்டிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சித்தப்பா வைதிருப்பார்.

அவர் பேச்சைத் தட்டிவிடவும் முடியாது. எங்கள் ஊர் அணிக்கு ஆள் பிடித்துத் தந்தவர் அவர். பொங்கல் கழிந்த கையோடு பொன்பரப்பிப் பக்கமோ ஆண்டிமடம் பக்கமோ மின்னொளி கபடி நோட்டீஸ் ஒட்டினால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. எந்த அணி யாரை இறக்குகிறது என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. வெளியூர் ரைடரை இறக்கினால் பஸ் செலவு, சாப்பாடு, கையில் ஒரு தொகை. ஜெயித்தால் பரிசுப் பணத்தில் பங்கு. அப்படி ஒரு வருஷம் பெயர் கேட்டாலே எதிரணி பின்னால் நகரும் ரைடர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வசூல் பணம் முக்கால்வாசி அவருக்கே சரியாகிவிட்டது.

தண்ணீர் தெளித்த செம்மண், சுண்ணாம்புக் கோடு, கம்பத்துக்குக் கம்பம் டியூப்லைட். அந்த ரைடர் முதல் பாட்டிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தார். சீழ்க்கை காதைக் கிழித்தது. நாலாவது முறை போனபோது மடக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அதோடு அவர் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்ததுதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அவுட் ஆனவர் உள்ளே வர வேண்டுமென்றால் நம் ஆட்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்க வேண்டும். எதிரணி ரைடரைப் பிடிக்க எங்களுக்கு அன்றைக்கு ஓரத்தில் நிற்கும் நல்ல கார்னர் இல்லை. இருந்த ஒரு பையன் முந்திரிக்கொட்டை உடைத்துக் கருத்த விரல்களோடு கணுக்காலைப் பற்றுவான், பக்கத்தில் கவர் நிற்பவன் வந்து விழ மாட்டான், பிடி நழுவும். பணம் வாங்கிய கெட்டிக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கபடியில் ஆள் எடுக்கும் கணக்கே இந்த இடத்தில்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் அவுட்டான மட்டையாளர் போன பிறகும் அவர் அடித்த ரன் நிற்கும், அடுத்தவர் வருவார். கபடியில் ரைடர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவருக்குக் கொடுத்த பணமும் வெளியே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அழைக்கிற வேலை கார்னருக்கும் கவருக்கும்.

தலைவாஸ் இதைக் கற்றுக்கொள்ள நாளாயிற்று. 2017இல் அணி பிறந்தபோது சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பர முகம். அஜய் தாக்கூரை முன்னால் நிறுத்தினார்கள். அதற்கு முந்தின வருஷம் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் ஈரானை மடக்கிய ஆள். எதிரணி ஆட்களின் தலைக்கு மேலே தவளைபோல் தாவி வெளியே வருவார். ஹிமாச்சலக்காரரை எங்கள் ஊர்ப் பையன்கள் சொந்த அண்ணனைப்போல் கொண்டாடினார்கள். முதல் இரண்டு பருவத்திலும் தலா 200க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். இரண்டு பருவத்திலும் அணி தன் பிரிவில் கடைசி. அந்த ஏலத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் குறை.

2019 வேறு கதை. ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய், ராகுல், மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் என்று பெயர்களை வரிசையாகப் படித்தாலே கோப்பை வந்துவிட்ட மாதிரி இருந்தது. 22 ஆட்டத்தில் நாலு வெற்றி. பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடம். இங்கே சித்தப்பாவும் நானும் ஒரே கட்சி. அஜய்க்குத் துணையாக இரண்டாவது ரைடர் வேண்டும் என்று நினைத்தது சரி. அந்த இடத்துக்குப் புகழைப் பார்த்து எடுத்தது சரியில்லை. அஜய்க்கும் மஞ்சீத்துக்கும் முப்பத்து மூன்று வயது. ராகுலின் உச்சம் தெலுங்கு டைட்டன்ஸ் காலத்தோடு தாண்டிவிட்டது. அஜய் காயத்தோடு பல ஆட்டம் வெளியே இருந்ததைக் கெட்ட நேரம் என்று சொல்லலாம். முப்பதைத் தாண்டிய கால்கள் மூன்று மாதத் தொடரில் தளரும் என்பது ஏலத்தன்றே தெரிந்த விஷயம்.

ராகுல்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. லீகின் முதல் பருவங்களில் கபடியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோன முகம் அவருடையது. எங்கள் பையன்கள் அவர் நம்பரைப் பனியனில் எழுதி மாட்டிக்கொண்டது சும்மா இல்லை.

அடுத்த பருவம் கொரோனாவால் தள்ளிப்போய், 2021 டிசம்பரில் தொடங்கிப் பெங்களூரில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. சுர்ஜீத் சிங்குக்கு 75 லட்சம், மஞ்சீத் என்ற வேறொரு ரைடருக்கு 92 லட்சம். முடிவில் பதினோராவது இடம். அந்த வருஷத்தை எல்லோரும் தோல்விக் கணக்கில் எழுதி மூடிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் பக்கத்தை மூட மனமில்லை. பெரிய விலைக்காரர்கள் இருவரும் மறுவருஷம் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். வலது கார்னரில் சாகரும் இடது கார்னரில் சாஹில் குலியாவும் தங்கிவிட்டார்கள். கணுக்காலைப் பற்றினால் விடாத பையன்கள். 2021 அணியில் இருந்த இந்த ஆட்களின் மதிப்பை 2022இல்தான் பார்க்க முடிந்தது. ஏலத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் ஒரு பருவம் முடிந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்தப் பையன்கள் அந்தத் தாளில் வருவதே இல்லை.

பவன் ஸ்ட்ரெச்சரில் போன அந்தப் பருவத்துக்கே திரும்புகிறேன். அவர் இல்லாத இடத்தில் நரேந்தர் என்ற ஹரியானாப் பையன் பாடப் போனான். புது இளைஞர் பட்டியலில் வந்தவன், ஏலத்தில் பெயர்கூட அடிபடாதவன். 243 ரெய்டு புள்ளி எடுத்தான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எதிரணி கவர் அசையும் வரை காத்திருந்து, சட்டென்று திரும்பி ஓடுவான். அவன் அவுட் ஆனால் சாகரோ சாஹிலோ யாரையாவது பிடித்து உள்ளே அழைத்துவிடுவார்கள். நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். பிளே-ஆஃபில் யு.பி. யோதாவோடு 36-36 சமன், டை-பிரேக்கரில் 6-4. அன்று ராத்திரி எங்கள் தெருவில் வெடி வெடித்தது. அரையிறுதியில் புனேவிடம் 37-39 என்று தோற்றோம். தலைவாஸ் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

பவன் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்கும் என்று ஒரு கட்சி. பவன் இருந்திருந்தால் நரேந்தர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி ஏலத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. முழங்கால் பிசகுவதை ஏல மேசையில் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. 2023இல் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. பவன் நன்றாகவே ஆடினார், 200 புள்ளியைத் தாண்டினார். அணி 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி. காயமே படாத பவனாலும் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அவரை உள்ளே அழைக்க ஆளில்லை. 2024இல் தலைவாஸ் ரைடர் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்து ஒன்பதாவது இடத்தில் நின்றபோதும் எனக்கு அந்த நினைப்புதான். 2025இல் பவனை 59 லட்சம் சொச்சத்துக்கு மறுபடி எடுத்தார்கள். சில ஆட்டங்களுக்குள் அதுவும் முடிந்துபோனது.

இவ்வளவையும் திண்ணையில் அடுக்கிச் சொன்னபோது சித்தப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். எடுத்த அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

"சரி, அப்படியே வச்சுக்க. சேரலாதன்?" என்றார்.

தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்களுக்குக் கொள்ளிடம் தாண்டினால் ஊர். கார்னர். 2016இல் பாட்னாவுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கித் தந்தவர். மறுவருஷம் தமிழ்நாட்டுக்கென்று ஓர் அணி வந்தது. அவர் புனே பனியனில் ஆடினார். அப்புறம் யு மும்பா, அப்புறம் ஹரியானா. 2019இல் நம் அணி கடைசி இடத்தில் கிடந்தபோது, நாற்பத்து நாலு வயதில் ஹரியானாவுக்குக் கேப்டனாக நின்று பிளே-ஆஃப் வரை கூட்டிப் போனார். தலைவாஸ் அவரை அழைத்தது 2024இல், பயிற்சியாளராக.

"நாப்பதத் தாண்டுன ஆளுன்னு விட்டுருப்பாங்க சித்தப்பா."

"முந்துன வருசந்தான்டா கோப்பையத் தூக்குனான். கார்னர் இல்லாம என்னாத்த ஆடப் போறீங்கன்னு அன்னிக்கே நான் கேட்டனா இல்லியா? இதே திண்ணையில?"

கேட்டார். பக்கத்தில்தான் இருந்தேன்.