கணக்கில் வராத ஒருவர்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் 20, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் ஆலயத்தில் ஹோவர்டு தர்மன் என்னும் போதகர் வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார். கீழறைச் சிற்றாலயத்தில் இறையியல் மாணவர் இருபது பேர் ஒலிபெருக்கி வழியே அதில் பங்குகொண்டனர். அவர்களுள் பத்துப் பேருக்கு, சிலவகைக் காளான்களில் காணப்படும் சைலோசிபின் என்னும் பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. ஏனையோருக்கு முகத்தைச் சிவக்கச் செய்யும் நிக்கோடினிக் அமிலம் மட்டுமே. மருத்துவரும் போதகருமான வால்டர் பாங்கி, ஹார்வர்டில் முனைவர் பட்டத்திற்காக நடத்திய ஆய்வு அது. சைலோசிபின் உண்டவர்களுள் பெரும்பாலோர் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றதாகக் கூறினர்.

குருமடத்தில் வறண்ட செபநேரங்கள் பலவற்றைக் கடந்தவன் நான். இதைப் படித்தபோது என் உள்ளத்தில் முதலில் எழுந்தது கண்டனமன்று, பொறாமையே.

கால் நூற்றாண்டுக்குப் பின் ரிக் டாப்ளின் என்பவர் அம்மாணவர்களைத் தேடிக் கண்டு உரையாடி, 1991இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வனுபவம் உண்மையானதே, தம் வாழ்வை வளப்படுத்தியதே என்று பலர் அப்போதும் சாற்றினர். ஆனால் வேறொன்றும் வெளிப்பட்டது. அன்று ஒருவர் நிலைகுலைந்து வெளியே ஓடியிருந்தார். அவரை அமைதிப்படுத்த ஊசி மருந்து செலுத்த நேர்ந்தது. அந்த ஊசியைப் பற்றிப் பாங்கியின் ஆய்வேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

பிற்கால ஆய்வுகள் கூடுதல் கவனத்துடன் நடைபெறுகின்றன. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வாலும் அச்சத்தாலும் வாடிய புற்றுநோயாளர் 51 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு அத்துயர் குறைந்திருந்தது. சாவுக்கு அஞ்சி நடுங்கும் கரத்தைப் பற்றி அமர்ந்திருந்த எந்தக் குருவும் இதை எள்ளி நகையாட மாட்டார். எண்ணெயையும் அப்பத்தையும் அருளின் கருவிகளாக்கிய இறைவன், மருந்தையும் வெறுப்பவரல்லர். எனினும் இறையனுபவத்தின் உரைகல், அன்று பெருகிய கண்ணீரன்று. பின்னர் வளரும் அன்பே.

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடத்தினோம். ஆனந்தக் கண்ணீர் வடித்தோரின் சாட்சியங்களைப் பங்கு மடலில் மகிழ்ச்சியோடு வெளியிட்டேன். இரண்டாம் நாள் இரவே கலங்கி அழுதபடி வீடு திரும்பிய இளைஞன் ஒருவனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவன் வீட்டுக்கும் செல்லவில்லை.

டாப்ளினின் கட்டுரையைப் படித்த வாரத்தில்தான் அவனைத் தேடிச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அன்றே யாராவது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சாமி" என்றான்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளின் மகிழ்ச்சியை எழுதிவைப்பது எளிது. நல்லாயனின் கணக்கோ, காணாமற்போன ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.