பூ நிற்கணும்

ஓசூருக்குப் பக்கத்தில், அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா என்ற மலர்ப் பூங்கா இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் தனியாரும் கூட்டாகத் தொடங்கியது. 'டான்' என்றால் தமிழ்நாடு. 'ஃப்ளோரா' என்றால் பூ சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு சாமியின் பெயர் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

லத்தீனில் பூவுக்கு 'ஃப்ளோஸ்'. அதிலிருந்து பிறந்த பெயர்தான் ரோமானியர்களின் தெய்வமான ஃப்ளோரா. பிறகு அந்தத் தெய்வத்தின் பெயரே மறுபடி ஒரு பொதுச்சொல் ஆகிவிட்டது. லின்னேயஸ் 1737-இல் லாப்லாந்துச் செடிகொடிகளைத் தொகுத்த நூலுக்கு 'ஃப்ளோரா லாப்போனிகா' என்று பெயர் வைத்தார். காம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலின் தலைப்பும் இதே சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. அன்று சேலம் ஜில்லாவில் இருந்த நம் ஓசூரும் அந்த மாகாணத்தில் அடக்கம்.

பூவுக்கு இங்கே பெயர் பஞ்சமில்லை. தமிழில் பூ, தெலுங்கில் புவ்வு, கன்னடத்தில் ஹூவு. பழைய கன்னடத்தின் பகரம் ஹகரமாகத் தேய்ந்ததால் பாலு ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது, பூவும் ஹூவு ஆனது. எல்லை தாண்டிப் போகிற பூ லாரியில் சரக்கு ஒன்றுதான், சொல் மட்டும் வழியில் மாறிக்கொள்கிறது.

எதிர் வீட்டு அக்கா ஒரு பாலிஹவுஸில் ரோஜா வெட்டப் போகிறார். ஜனவரி கடைசி வந்தால் அவரைக் கண்ணில் பார்ப்பதே அரிது. பிப்ரவரி 14-க்கு வெளிநாடு போக வேண்டிய பூ. 'தாஜ்மஹால்' என்ற சிவப்பு ரகத்துக்குத்தான் கிராக்கி. விடியற்காலையில் மொட்டாகவே வெட்டி, தண்ணீர் வாளியில் நிறுத்தி, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பெங்களூரு விமான நிலையம். "விரிஞ்சுட்டா செல்லாது தம்பி" என்பார். அவர் கையைப் பார்த்தால் முள் கீறாத இடமே இருக்காது.

அதே பிப்ரவரியில் காவேரிப்பட்டணம் பக்கம் என் மாமாவின் மாந்தோப்பும் பூத்து நிற்கும். அங்கே கவலை வேறு. "பூ எப்படி மாமா?" என்று கேட்டால், "எடுத்திருக்குப்பா. நின்னாத்தானே" என்பார். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசியில் தேறுவது ஒன்றிரண்டு காய். நடுவில் பனி கனத்தால் போச்சு, தத்துப்பூச்சி இறங்கினால் போச்சு, சாம்பல் நோய் வந்தால் கொத்தே கருகிவிடும். மாங்கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராக் காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்ற பேச்சே அப்புறம்தான்.

ஃப்ளோராவைப் பற்றிப் படித்தபோது எனக்கு ரோஜா நினைவுக்கு வரவில்லை, மாமாவின் முகம்தான் வந்தது. ரோமானிய விவசாயி அவளிடம் வேண்டிக்கொண்டது தலையில் சூடும் பூவுக்காக அல்ல. கோதுமை பூக்க வேண்டும், திராட்சையும் ஆலிவும் பூக்க வேண்டும், பூத்தது கொட்டாமல் நிற்க வேண்டும். அவளுக்கான விழா ஏப்ரல் 28-இல் தொடங்கும். அதற்கு மூன்று நாள் முன்னால், 25-ஆம் தேதி, கோதுமையில் துருநோய் விழாமலிருக்க வேறொரு தெய்வத்துக்குப் பலி கொடுப்பார்கள். இரண்டு விழாக்களும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால் அந்த மாதத்தில் அவர்கள் வயிற்றில் இருந்த பயம் புரிகிறது. சாம்பல் நோய்க்கு மருந்தடித்துவிட்டு மேகத்தைப் பார்க்கிற மாமாவுக்கும் அதே பயம்தான்.

இதை நம் மொழியும் அறிந்து வைத்திருக்கிறது. இரண்டு போகம் விளையும் நிலத்தை 'இருபூ நிலம்' என்பது பழைய வழக்கு. விளைச்சலுக்கே பூ என்று பெயர். நெல்லும் கேழ்வரகும் பூக்காமல் விளைவதில்லை என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. ஃப்ளோரா என்ற பெயருக்குள் இருப்பதும் இந்தப் பூதான். குளிர் அறைக்கு ரோஜா அனுப்பும் பூங்கா அவளுடைய பெயரை வைத்திருக்கிறது. அவளுடைய வேலை நடப்பது மாந்தோப்பில் என்று எனக்குப் படுகிறது.

இந்த வருஷம் பிப்ரவரி 14 கழிந்த மறுநாள் அக்கா வாசலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஃப்ளோரா கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க மாமா தோப்புல பூ நின்னுச்சா?" என்றார். அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டேன். மிளகு அளவுக்குப் பிஞ்சு தெரிகிறது என்றார். அதைச் சொன்னதும் அக்கா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.